பனிக்கடியில் போன படகும் நான் கிழித்த தாளும்

எண்பதுகளின் கடைசியில் நான் மிச்சம் என்ற ஆங்கிலேய ஊரில் கவுன்சிலின் ஹோம் ஹெல்ப்பாக இருந்தேன். தனியாக இருக்கும் வயதானவர்களின் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றி, உடுப்புத் தோய்த்து, கடைக்குப் போய்வந்து, கடிதம் வந்தால் வாசித்துச் சொல்லவேண்டும். பட்டதாரிப் பெண் ஒருத்தி வெள்ளைக்காரரின் காலுறை தோய்க்கிறாள் என்று என் சொந்தக்காரர் கலியாண வீடுகளில் எனக்காகக் கவலைப்பட்டார்கள். கவலைப்பட்டவர்களில் பாதிப்பேர் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் அடித்தவர்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கிழடுகளோடு சண்டை பிடிப்பதும் பிடித்திருந்தது.

சனிக்கிழமைகளில் இன்னொரு வேலை. மோர்டன் ஸ்டேஷனுக்குக் கிட்ட, ஒரு கடைக்கு மேல்மாடியில், அகதிக் கேஸ்கள் பார்க்கும் சொலிசிற்றர் ஒருவரின் அலுவலகம். அங்கே நான் மொழிபெயர்ப்பாளர். பெயர்தான் அது. உண்மையில் நான் செய்தது, அதிகாரிகளின் நேர்காணலுக்குப் போகும் எங்கள் ஆட்களைத் தயார்படுத்துவது. படியேறி வரும் ஒவ்வொருவருக்கும் ஒரே மந்திரத்தைத்தான் ஓதினேன்.

"முதல்நாள் எயார்போட்டில என்ன சொன்னீங்களோ அதுதான் கதை. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். விளங்குதோ? இப்ப ஞாபகம் வந்தது எண்டு ஒண்டையும் சொல்லாதையுங்கோ."

இந்த மந்திரம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். நாற்பது வயதிருக்கும், நல்ல மனுசன். ஆமி முகாமில் தனக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டபோது, "அடிச்சவங்கள்" என்று மட்டும் சொன்னார். அதை நான் ஆங்கிலமாக்கினேன். ஆறு மாதம் கழித்து ஒரு டொக்ரரிடம், ஆம்பிளை டொக்ரர், மீதியைச் சொல்லியிருக்கிறார். அதை இரண்டாவது வாக்குமூலத்தில் சேர்த்தோம். முதலில் சொல்லாததைப் பிறகு சேர்த்திருக்கிறார், ஆகவே நம்ப முடியாது என்று பதில் வந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவர் முதல்நாள் வாய் திறக்காததற்குக் காரணம், எதிரே இருந்து கேட்டவள் ஒரு பொம்பிளை. அதாவது நான். ஆனால் அன்றைக்கு நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: சொன்னதை மாற்றினால் ஆள் தொலைந்தான்.

இனி, நான் வேலைக்குப் போன வீடுகளில் ஒன்றில் இருந்த கிழவரைப் பற்றி. அவருக்கு எண்பது வயது. கவுன்சில் அடுக்குமாடியொன்றின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். மனைவி செத்து நெடுநாள், பிள்ளைகள் இல்லை. கப்பல்களில் எஞ்சின் அறை வேலை செய்து ஓய்ந்தவர். திங்கள், வியாழன் காலைகளில் நான் போவேன். அவர் என்னை "நர்ஸ்" என்று கூப்பிடுவார். நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதையெல்லாம் இங்கே என் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பு என் தொழில் என்பதால் பெரிய பிழை இராது.

எங்கள் முதற் சண்டை யன்னலுக்காக. மார்கழிக் குளிரிலும் அவர் வீட்டில் யன்னல் திறந்திருக்கும், அறைக் கதவுகள் திறந்திருக்கும், குளியலறைக் கதவைக்கூடப் பூட்டமாட்டார். ஹீற்றரில் வரும் சூடெல்லாம் மிச்சத்துக் காகங்களுக்குப் போகும். நான் கோட்டைக் கழற்றாமலே கூட்டுவேன், துடைப்பேன்.

"இந்த யன்னலைக் கொஞ்சம் பூட்டுங்கோவன். எனக்கு விரல் விறைக்குது."

"பூட்டினால் நான் எழும்பி வெளியில போயிடுவன், நர்ஸ்."

"எங்க போவீங்கள்? லிஃப்ற்றும் வேலை செய்யேல்லை."

அவர் சிரிப்பார். யன்னல் திறந்தபடியே இருக்கும். கிழவருக்கு ஏதோ கிறுக்கு என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஐப்பசித் திங்கட்கிழமை அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. அவருக்குக் கண்பார்வை நன்றாகக் குறைந்துவிட்டதால் நான்தான் உடைத்து வாசித்தேன். சட்டன் என்ற பக்கத்து ஊரில் இருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். எழுத்து நேராக, பள்ளிக்கூட ரீச்சரின் எழுத்து மாதிரி இருந்தது. தன் தகப்பனும் கிழவரும் இளவயதில் ஒரே நீர்மூழ்கிப் படகில் வடதுருவப் பனிக்கடலுக்குப் போனவர்கள் என்றும், அந்தப் படகில் போனவர்களில் இப்போது உயிரோடு இருப்பவர் கிழவர் மட்டும்தான் என்று அறிந்ததாகவும் எழுதியிருந்தாள். தனக்கு ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. காற்றுப் பம்பின் தகட்டைக் கழற்றியது தன் தகப்பனா, இல்லையா? தகப்பன்தான் என்று நம்பியபடியே தாய் செத்துப்போனாள். தனக்கும் வயது அறுபதைத் தொடப்போகிறது, அதற்கிடையில் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னும் மூன்று கிழமையில் ஒரு வியாழக்கிழமை வந்து பார்க்கலாமா?

நான் வாசித்து முடித்ததும் கிழவர், "திரும்ப வாசியும்" என்றார். வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்துக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். வரலாம் என்று பதில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

அன்றும், அடுத்துவந்த நாட்களிலும் அவர் எனக்குக் கதை சொன்னார். எனக்கு அதுவரை பனிக்கட்டி என்றால் ஐஸ்பழம், இல்லாவிட்டால் மிச்சத்து நடைபாதையில் வழுக்கி விழுத்தும் சனியன். கடலுக்கு மேல் கூரை போட்டமாதிரிப் பனி கிடக்கும் என்றும், அதற்குக் கீழே ஆட்கள் போனார்கள் என்றும் கேட்டபோது, வேலையில்லாதவர்கள் செய்த வேலை என்றுதான் முதலில் நினைத்தேன்.

முதலாம் உலக யுத்தத்தில் ஓடிக் களைத்த பழைய படகு அது. இரும்புக் கடைக்குப் போகவேண்டியதை ஒரு பயணக்காரர் மலிவாக வாங்கித் திருத்தியிருக்கிறார். கப்பலால் உடைத்துப் போகமுடியாத பனியின் அடியால் படகை ஓட்டி, இடையில் எங்கே வெடிப்புக் கிடைக்குமோ அங்கே மேலே வந்து காற்றெடுத்து, அப்படியே துருவம் வரைக்கும் போவது அவருடைய திட்டம். வெடிப்புக் கிடைக்காவிட்டால் படகின் முதுகில் பொருத்திய துளைப்பானால் பனியைத் துளைத்துக் காற்றெடுக்கலாம் என்று வரைபடத்தில் போட்டிருந்தார்கள். பனியில் முதுகு உரசி வழுக்கிப் போவதற்காக மேல்தளத்தில் மரச்சட்டங்கள் அடித்திருந்தார்கள்.

"துளைப்பான் வேலை செய்ததோ?" என்று கேட்டேன்.

"துறைமுகத்தில நல்லா வேலை செய்தது" என்றார் கிழவர்.

படகுக்குள் ஹீற்றர் கிடையாது. ஆட்களின் மூச்சு இரும்புச் சுவரில் பட்டு, தண்ணீராகி, அங்கேயே உறைந்துவிடும். காலையில் எழும்பினால் போர்வை சுவரோடு ஒட்டியிருக்கும். குடிதண்ணீர்க் குழாயை விளக்கால் சுட்டுத்தான் திறக்கவேண்டும். வடக்கே போகப் போகத் திசைகாட்டி குடிகாரன்போல் சுழன்றது. வயர்லெஸ் செத்துவிட்டது. வீட்டில் இருந்தவர்கள் ஒரு கிழமைக்கு மேல் இவர்கள் கடலில் தாண்டு மூழ்கிப்போனதாகவே நினைத்திருந்தார்கள்.

பனிக்கு அடியில் அவர்கள் போனது ஒரே ஒரு தரம். ஒரு மணித்தியாலம்கூட இல்லையாம். அதை மட்டும் கிழவர் நான் போன மூன்று நாளில் மூன்று தரம் சொன்னார். எஞ்சினை நிறுத்தி, பற்றரியில் ஓட்டி, கீழே இறங்கினார்கள். மேல்தளத்தில் கண்ணாடி வைத்த சின்ன ஓட்டைகளால் பச்சை வெளிச்சம் வந்தது. பார்த்தவர்களில் ஒருவன் வடிவாய் இருக்கு என்று சொன்னானாம். பிறகு பனி படகின் முதுகில் உரசத் தொடங்கியது. மரச்சட்டங்கள் ஒவ்வொன்றாக முறிந்து பிய்ந்து போகும் சத்தம் கேட்டது. ஒருவரும் கதைக்கவில்லை. கிழவருக்குப் பக்கத்தில் நின்றவன் அவருடைய கூட்டாளி, கடிதம் எழுதிய பெண்ணின் தகப்பன். இருவரும் ஒரே தெருக்காரர், ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அந்தக் கூட்டாளி பயத்தில் இவருடைய கையைப் பிடித்திருக்கிறான். இவரும் விடவில்லை.

வெடிப்பொன்றால் மேலே வந்த பிறகு, பயணக்காரர் எல்லோரையும் கூப்பிட்டுக் கைகொடுத்திருக்கிறார். நாளைக்கு அரைநாள் முழுக்க அடியிலேயே போகப்போகிறோம் என்று சொல்லியிருக்கிறார்.

"அண்டைக்கு இரவு நான் நித்திரை கொள்ளேல்லை" என்றார் கிழவர். "விடிய நான் தகட்டைக் கழட்டினன், நர்ஸ்."

படகு மூழ்குவதற்குத் தொட்டிகளில் கடல்நீரை நிரப்புவார்கள். மேலே வர அந்த நீரை அமுக்கிய காற்றால் வெளியே தள்ளுவார்கள். அந்தக் காற்றைச் சிலிண்டர்களில் நிரப்பும் பம்ப் ஒன்று எஞ்சின் அறையில் இருந்தது. அதன் வால்வுக்குள் உள்ளங்கை அளவில் ஒரு தகடு. முதல் தகடு வரும் வழியிலேயே உடைந்து, இருந்த ஒரே மாற்றுத் தகட்டையும் பாவித்தாகிவிட்டது. அது இல்லாவிட்டால் பம்ப் ஓடாது, பம்ப் ஓடாவிட்டால் எந்தப் பைத்தியக்காரனும் படகை மூழ்கவிடமாட்டான். அந்த வேளையில் பம்புக்குக் காவல் கூட்டாளி. அவன் களைப்பில் இருந்த இடத்திலேயே நித்திரையாகிவிட்டான். கிழவர் தகட்டைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மேல்தளத்தில் பனி கொத்தப் போகிறவர்களோடு ஏறிப்போய், கடலில் போட்டுவிட்டார்.

படகு திரும்பியது. துறைமுகத்தில் விசாரணை நடந்தது. கிழவர், தான் அந்த வேளை முழுக்க மேலே பனி கொத்திக்கொண்டிருந்ததாக எழுதிக் கையெழுத்து வைத்தார். கூட்டாளி, தான் காவலில் கண்ணே மூடவில்லை என்று முதலில் சொன்னான். கண் மூடாதவனுக்கு முன்னால் தகடு எப்படிப் போனது என்று கேட்டார்கள். மூன்றாம் நாள், தான் நித்திரையாகிவிட்டதாக உண்மையைச் சொன்னான். சொன்னதை மாற்றியதால் அவன்தான் கள்ளன் என்று முடிவாயிற்று. வழக்குப் போட ஆதாரம் இல்லை. ஆனால் கதை எல்லாத் துறைமுகத்துக்கும் போய்விட்டது. ஒரு கப்பலும் அவனை எடுக்கவில்லை. துறைமுகத்தில் கூலிக்கு நின்றான், குடித்தான். ஒருநாள் காலை அவனைத் தண்ணீரில் இருந்து தூக்கினார்கள். மகளுக்கு அப்போது எட்டு வயது.

நான் அடுப்படியில் நின்றுகொண்டு இதைக் கேட்டேன். எனக்கு அவர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தப் படகில் நானும் இருந்திருந்தால் இவர் கழற்றும்வரை காத்திருக்காமல் நானே கழற்றியிருப்பேன் என்றுதான் தோன்றியது.

"நீங்கள் கழட்டாட்டில் என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டேன்.

"எல்லாரும் செத்திருப்பம். இல்லாட்டில் ஒருதரும் செத்திருக்கமாட்டம். அதுதானே எனக்குத் தெரியாது" என்றார்.

அந்தப் பெண் வருவதற்கு முந்திய திங்கட்கிழமை நான் போனபோது, மேசையில் ஒரு தாள் இருந்தது. பெரிய பெரிய எழுத்து, வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. கண் தெரியாத மனுசன் எத்தனை மணித்தியாலம் இருந்து எழுதினாரோ தெரியாது. தகட்டைக் கழற்றியது நான், அவன் நித்திரையாக இருந்தான், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதி, அடியில் முழுப்பெயரும் போட்டுக் கையெழுத்து வைத்திருந்தார். பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.

அதை வாசித்த கணத்திலேயே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அதை எப்படி விளங்கப்படுத்துவது? எங்கள் ஊரில் ஒரு தாளும் ஒரு கையெழுத்தும் போதும். என் மச்சான் ஒருவன் வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் அடி தாங்காமல் கையெழுத்து வைத்துவிட்டு மறியலில், அதுதான் ஜெயிலில், இருந்தான். கணக்கு வாத்தியாரின் இரண்டாவது வாக்குமூலம் என் கையாலேயே போனது. எங்கள் சொந்தக் கேஸும் அப்போது முடியவில்லை. வருடா வருடம் புதுப்பிக்கும் அனுமதியில் நானும் கணவரும் இருந்தோம், அதிகாரியின் கடிதம் வரும் நாட்களில் அவர் சாப்பிடமாட்டார். இப்படி வாழ்ந்த ஒருத்திக்கு, பழைய வாக்குமூலத்தை மாற்றி ஒருவர் எழுதிக் கையெழுத்து வைத்த தாள் வெறும் தாள் இல்லை.

"இதை ஆரிட்டையும் குடுக்கப்படாது" என்றேன். "அப்ப விசாரணையில ஒரு கதை சொல்லி ஒப்பமும் வைச்சிட்டீங்கள். இப்ப இன்னொரு கதை எழுதினால் அண்டைக்குப் பொய் சொன்னதுக்குப் பிடிப்பினம். அந்த மனிசி பேப்பர்காரரிட்டக் குடுத்தால்? பொலிஸ் வந்தால்? பென்சனை நிப்பாட்டினால்?"

"எனக்கு எண்பது வயது, நர்ஸ்."

"எண்பது வயதெண்டால் விடுவினமோ? அண்டைக்குச் சொன்னதையே சொல்லுங்கோ. மேல பனி கொத்தினனான், எனக்கு ஒண்டும் தெரியாது. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

அவர் என்னை நம்பினார். அதுதான் கொடுமை. நான் சனிக்கிழமைகளில் சட்ட அலுவலகத்தில் இருக்கிறவள் என்று அவருக்குத் தெரியும், சட்டம் தெரிந்தவள் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார். நான் தாளைக் கையில் எடுத்து நாலாகக் கிழித்து, தேயிலைச் சக்கையோடு சேர்த்துக் குப்பைப் பையில் போட்டு, கீழே கொண்டுபோய்த் தொட்டியிலும் போட்டுவிட்டு வந்தேன். ஒரு மனுசனைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு அன்றைக்கு பஸ் ஏறினேன். ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்திய பம்ப் தகட்டுக்காக மிச்சத்துப் பொலிஸ் மூன்று மாடி ஏறி வரும் என்று பயந்த அறிவாளி நான்.

வியாழக்கிழமை அவள் வந்தாள். நரைத்த தலை, மழைக்கோட்டு, கையில் ஒரு கேக் பெட்டி. தகப்பனின் படம் ஒன்றும் கொண்டுவந்திருந்தாள். கிழவருக்குப் படம் தெரியவில்லை, கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு அடுப்படி வாசலில் நின்றேன். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"என்ர அப்பாவோ கழட்டினவர்?"

கிழவர் நான் நின்ற பக்கம் திரும்பினார். அவருக்கு என் முகம் தெரிந்திராது, நிற்கிறேன் என்று மட்டும் தெரிந்திருக்கும்.

"நான் மேல பனி கொத்திக்கொண்டு நிண்டனான்" என்றார். "எனக்கு ஒண்டும் தெரியாது."

அவள் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிறகு, "ஒருவேளை அது தானா உடைஞ்சிருக்குமோ?" என்று கேட்டாள். அப்படி ஒரு வழியையாவது அவர் விட்டுக்கொடுப்பார் என்று எதிர்பார்த்திருப்பாள். அதைக்கூட அவர் தெரியாது என்றார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. என்னிடம் படித்தவர்களிலேயே அவ்வளவு திறமாக ஒருவரும் செய்ததில்லை.

வெளியே அனுப்பிவிடப் போனபோது, படிக்கட்டில் வைத்து அவள் என் கையைப் பிடித்தாள்.

"உம்மட்ட எப்பவாவது வேற மாதிரி ஏதும் சொன்னவரோ? நீர்தானே அவரோட இருக்கிறனீர்."

"இல்லை" என்றேன். "எப்பவும் இதைத்தான் சொல்லுறவர்."

ஒரு மூச்சும் எடுக்காமல் சொன்னேன். அவள் நன்றி சொல்லிவிட்டு இறங்கிப்போனாள். நான் மேலே வந்தபோது கிழவர் கேக் பெட்டியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "அவளைத் திரும்பக் கூப்பிடும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இப்போதுதான் ஒன்றைச் சொல்லி அனுப்பியிருக்கிறோம், உடனே மாற்றினால் என்ன நினைப்பாள் என்று கேட்டேன். அடுத்த கிழமையும் கூப்பிடச் சொன்னார். எழுதுகிறேன் என்றேன். அதற்கடுத்த கிழமையும் கேட்டார். கிறிஸ்மஸ் முடியட்டும் என்றேன். மாட்டேன் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான். மார்கழி நடுவில் அவருக்கு வாதம் வந்தது. வாய் கோணி, வலதுகை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நான் போய் நின்றபோது என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். எனக்கு விளங்கவில்லை என்று சொல்ல விருப்பம். விளங்கியது. தை பிறந்த கிழமை செத்துப்போனார்.

கவுன்சில் வீட்டைக் காலி செய்தபோது நான் எடுத்துக்கொண்டது அந்தப் பெண்ணின் கடிதத்தை மட்டும்தான். ஏன் எடுத்தேன்? விலாசம் அதில் இருந்தது. போவேன் என்றுதான் எடுத்தேன். போகவில்லை. கணவரிடம் ஒருநாள் கதையைச் சொன்னேன்.

"இஞ்சேரும், உமக்கேன் உந்தத் தேவையில்லாத வேலை?" என்றார். "செத்தவர் செத்திட்டார். எங்கட கேஸ் முடியட்டும்."

சரி என்று நானும் ஒத்துக்கொண்டேன். பயம் என்பது மனசாட்சிக்கு நல்ல மயக்கமருந்து. ஆறு வருடம் அதைப் போட்டுக்கொண்டேன். சனிக்கிழமைகளில் தொடர்ந்து மோர்டனுக்குப் போனேன், மந்திரத்தையும் தொடர்ந்து ஓதினேன். இடைக்கிடை யாராவது ஒருவர் பாதியில் நிறுத்தி, "அக்கா, உண்மையில நடந்தது வேற" என்று தொடங்குவார். அப்போது மட்டும் அந்தப் பெண் படிக்கட்டில் என் கையைப் பிடித்தது நினைவுக்கு வரும். பேனையை வைத்துவிட்டு யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்தது. வீட்டில் பாயாசம் வைத்தோம். இனி என்னை எவனும் ஒன்றும் செய்ய ஏலாது என்று நினைத்த அதே நேரம், இனி எனக்குச் சாட்டு ஒன்றும் இல்லை என்பதும் விளங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சட்டனுக்கு பஸ் எடுத்தேன்.

அவள் அதே விலாசத்தில்தான் இருந்தாள். என்னை உடனே அடையாளம் தெரியவில்லை. கிழவரின் பெயரைச் சொன்னதும் உள்ளே கூட்டிக்கொண்டுபோனாள். மிகவும் மெலிந்திருந்தாள். முழங்கால் ஏலாதாம், ஊன்றுதடியோடு நடந்தாள். நான் இருந்ததும் இராததுமாகச் சொல்லத் தொடங்கினேன். பம்ப், தகடு, சட்டைக்குள் வைத்தது, கடலில் போட்டது, அப்பா நித்திரையாக இருந்தது, அவருக்கு ஒன்றும் தெரியாதது. பனிக்கடியில் அப்பா இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. கவனமாகக் கேட்டாள்.

"இதை அவர் உமக்குச் சொன்னவரோ?"

"ஓம். நீங்கள் வாறதுக்கு முதலே சொன்னவர்."

"ஏதும் எழுதி வைச்சவரோ?"

"எழுதினவர். ஒப்பமும் வைச்சவர்."

"அது எங்க?"

"நான் கிழிச்சுப்போட்டன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் நன்றாக அறிவேன். மோர்டன் ஆட்களோடு நேர்காணல் அறைகளுக்குள் போய் இருந்தபோதெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரியின் முகத்தில் அதைப் பார்த்திருக்கிறேன். அதில் கோபம் இருக்காது, வெறுப்பும் இருக்காது.

"அண்டைக்குப் படிக்கட்டில வைச்சு நான் உம்மட்டக் கேட்டனான்" என்றாள். "எப்பவும் இதைத்தான் சொல்லுறவர் எண்டு சொன்னீர்."

"அது பொய். பயத்தில சொன்னனான்."

"எதுக்குப் பயம்?"

விளங்கப்படுத்தப் பார்த்தேன். மச்சான் கையெழுத்து வைத்தது, கணக்கு வாத்தியார், எங்களுடைய கேஸ் எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே சோடித்த கதைபோலக் கேட்டது. மிச்சத்தில் ஒரு கிழவர் எழுதிய தாளைக் கிழிக்க யாழ்ப்பாணத்தில் ஒருவன் மறியலில் இருக்கவேண்டுமா? அவள் நடுவில் மறிக்கவில்லை. நான் முடித்த பிறகு என் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"நீர் நல்ல மனிசி" என்றாள். "இந்தக் கிழவி சாகிறதுக்கு முதல் நிம்மதியாய் இருக்கட்டும் எண்டு நினைச்சு இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர். என்ர அப்பாவும் இப்படித்தான், ஆக்கள் கேக்க விரும்பினதை மாத்தி மாத்திச் சொல்லுவார். அம்மா அதை ஒருநாளும் நம்பேல்லை."

"நான் சொல்லுறது உண்மை" என்றேன்.

"ஓம், ஓம்" என்றாள். தண்ணி கொதிக்கக் கேற்றிலை வைக்க எழும்பினாள். தடியை ஊன்றி நடக்கிறவளுக்கு உதவாமல் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஏலவில்லை, நானே எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றினேன். சீனி போடவா என்று கேட்டேன். அவள் யன்னலோரம் இருந்தபடி வேண்டாம் என்றாள். பிறகு என்னுடைய பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.